சித்தன்னவாசலின் பூட்டு நாம் போட்டது

ஊர்ப் பெருமை என்று பேச்சு வந்தால் புதுக்கோட்டைச் சீமைக்காரர்களான நாம் முதலில் சொல்வது சித்தன்னவாசலை. அந்தப் பெருமைக்கு நாம் என்ன செய்தோம் என்று யாராவது திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல வாய் வராது.

அந்தக் குன்றில் குடைந்த சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் உட்கூரையை ஒருமுறை நிதானமாக அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அது என்ன செல்வம் என்று தெரியும். கூரை முழுக்க ஒரு தாமரைக் குளம். மொட்டும் மலரும் இலையும் நெருக்கியடித்துக் கிடக்க, நடுவே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். மூவர் குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். தீர்த்தங்கரர் அறமுரைக்கும் அவையான சமவசரணத்துக்குப் போகும் வழியில் அடியவர்கள் பூக்கொய்யும் குளம் அது என்பார்கள். தூண்களின் மேற்பகுதியில் ஆடற்பெண்கள் இருவர், ஓர் அரசன், அவன் அரசி. ஏறக்குறைய 1,100 ஆண்டுப் பழமை. ஓவியம் இன்று எஞ்சியிருப்பது கூரையிலும் உத்திரத்திலும் தூண்களின் தலைமாட்டிலும்தான். கீழே சுவரிலும் தூணிலும் இருந்ததெல்லாம் போய்விட்டது. காலமும் ஈரமும் பெரும்பகுதியைத் தின்றிருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் கை எட்டாத உயரத்தில் இருப்பது மட்டும் பிழைத்திருக்கிறது என்பதை நம்மைப் பற்றிய சாட்சியாகவும் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குன்று யாருடையது? தொண்டைமான் சமஸ்தானம் இருந்தவரை, ராஜாவுடையது என்று விட்டுவிட்டோம். 1916இல் எஸ். ராதாகிருஷ்ண ஐயர் தம் சமஸ்தான வரலாற்று நூலில் ஓவியங்களைக் குறிப்பிட்டார். பிறகு பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் எழுதியபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்தும் உழுதும் வாழ்ந்த நமக்கு அது பாறையாகவே இருந்தது. 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. குன்று மத்தியத் தொல்லியல் துறையின் கைக்குப் போய், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாயிற்று. அன்றிலிருந்து 'அது சென்ட்ரல் கவர்மெண்ட் சமாச்சாரம்' என்று சொல்லப் பழகிக்கொண்டோம். உடைமையாளர் பெயர் மாறியதே ஒழிய நம் கைகழுவல் மாறவில்லை.

உரிமைப் பத்திரம் கையில் இருந்தால்தான் பராமரிக்க வேண்டும் என்றில்லை. அதற்குச் சான்று அந்தக் கோயில் முகப்புக்குப் பக்கத்துப் பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமண ஆசான் வந்து, அப்போதே பழசாகியிருந்த குடைவரையின் உள்மண்டபத்தைப் புதுக்கி, முன்னால் ஒரு மண்டபமும் எடுத்தார் என்கிறது அந்தக் கல்வெட்டு. மதுரையிலிருந்து ஒருவர் வந்து செய்ததை அடிவாரத்தில் இருந்துகொண்டு நாம் செய்யவில்லை. போதாக்குறைக்கு, இந்தக் கல்வெட்டு படிக்கப்பட்டு எத்தனையோ ஆண்டு கழித்தும் 'பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் தீட்டிய ஓவியம்' என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். செய்தவர் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லித் தரவில்லை.

எல்லாவற்றையும்விடக் கனமான குற்றம் ஏழடிப்பட்டத்தில் இருக்கிறது. குன்றின் மறுபக்கச் சரிவில் பாறையில் வெட்டிய காலடிப் படிகளைப் பிடித்துப் போனால் ஓர் இயற்கைக் குகைத்தளம். அதில் துறவிகளுக்காகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள், தலையணை மேட்டோடு. ஒரு படுக்கையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்தவருக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்று 2,000 ஆண்டுக்கு முந்தைய ஒரு கொடையைச் சொல்கிறது. மற்றப் படுக்கைகளில் 7ஆம் நூற்றாண்டுக்குப் பின் அங்கே தவமிருந்தவர்களின் பெயர்கள். உண்ணாநோன்பிருந்து உயிர்விடத் துணிந்தவர்கள் படுத்த கல் அது. அந்தக் கல்லின் மேலும் சுற்றுப் பாறையிலும் ஆணியாலும் பெயிண்டாலும் நாம் நம் பெயர்களை எழுதினோம். காதலி பெயர், ஊர்ப் பெயர், வந்த தேதி. எழுதியவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்ல. நம் பிள்ளைகள், நம் தம்பிமார், சுற்றுலாவுக்கு நாம் அழைத்துப் போன மாணவர்கள். பக்கத்தில் நின்றிருந்த நம்மில் யாரும் 'டேய், வேண்டாம்' என்று அதட்டவில்லை.

இன்று அங்கே கம்பி வேலி இருக்கிறது, பூட்டு இருக்கிறது. காவலர் திறந்துவிட்டால்தான் ஓவியத்தைப் பார்க்க முடியும். கட்டணம் வேறா என்று முணுமுணுக்கிறோம். பொதுச்சொத்தைப் பொதுமக்கள் பார்க்கத் தடையா என்று நியாயம் பேசுகிறோம். பொதுமக்களுக்குத் திறந்தே கிடந்த காலத்தில் நாம் நடந்துகொண்ட லட்சணம்தான் அந்தக் கம்பியாக நிற்கிறது. சின்னத்தைச் சிதைப்பவருக்கு 2 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அப்படி ஒரு சட்டம் இருக்கிறதென்று நம் வகுப்பறைகளில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

குன்றைச் சுற்றிய நிலமெங்கும் பெருங்கற்கால ஈமக்காடு. கல்வட்டங்களைச் சமணருக்கும் முந்தியவர்கள் அமைத்தார்கள். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டு, இலையையும் பாட்டிலையும் அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களும் நாம்தான்.

துறையைக் குறை சொல்ல இடம் உண்டு. ஆள் போதாது, விளக்கம் சொல்லித் தரப் போதுமான ஏற்பாடு கிடையாது. ஆனால் கேட்டால்தானே வரும்? தண்ணீருக்கும் சாலைக்கும் மனு எழுதத் தெரிந்த நாம், சித்தன்னவாசலுக்கு இன்னொரு காவலர் வேண்டும் என்று கிராமசபையில் எழுந்து பேசியதில்லை. அன்னவாசல் வட்டாரப் பிள்ளைகளில் பத்துப் பேருக்கு அந்த ஓவியத்தையும் கல்வெட்டையும் முறையாகக் கற்றுக்கொடுத்து, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலையை அவர்களுக்கு வாங்கித் தரவும் முயலவில்லை. அடுத்த கிராமசபை கூடும்போது இந்த இரண்டையும் தீர்மானமாக வைப்போம். பள்ளிப் பேருந்து அடிவாரத்தில் நிற்கும்போது, பிள்ளைகள் இறங்குவதற்கு முன் அந்தக் கற்படுக்கையில் படுத்தவர்கள் யார் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு மேலே ஏறுவோம்.