தளம் உறுதியானால் தொழில் உறுதி!

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்



உடையவர் இராமானுஜர் அவதரித்த நம் ஸ்ரீபெரும்புதூர், இன்று வாகனங்கள் பிறக்கும் ஊராகவும் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. அவற்றைப் பெருமையாகப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அந்த ஆலைகளை நம்பி ஓடுகிற லோடு வண்டிகளைப் பற்றி. அதிலும் யாரும் கண்டுகொள்ளாத ஒரு பகுதி: சரக்கு ஏற்றும் தளம்!

டாடா ஏஸ் 2005-ல் வந்தது. நம் ஜனங்கள் அதற்கு 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. அதுவரை கூலிக்கு மூட்டை தூக்கியவர்களில் பலர் கடன் வாங்கி முதலாளி ஆனார்கள். என் அப்பா அவர்களில் ஒருவர். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர். தொழிலாளர்கள் தங்கும் அறைகளுக்குக் குட்டி யானையில் கேன் தண்ணீர் போடுகிறார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் ஃபீஸ் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அந்தத் தகரத் தளத்தைத்தான் காட்டுவேன்.

அந்தத் தளம் படும் பாட்டை யோசித்துப் பாருங்கள். 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோவுக்கு மேல். 35 கேன் ஏற்றினால் 700 கிலோ. ஒவ்வொன்றையும் தரதரவென்று இழுத்துத்தான் இறக்குகிறோம். இழுக்க இழுக்கப் பெயிண்ட் உரிகிறது. உரிந்த இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் என்ன நடக்கும்? முதல் வருஷ வேதியியலில் 'அரிமானம்' என்று எழுதி மார்க் வாங்கினோமே, அதுதான்! துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் பக்கத்தில் நன்றாக இருக்கும் பெயிண்டையும் தூக்கிவிட்டுப் பரவும். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். உப்புத் தண்ணீர் அந்த வேலையை இன்னும் வேகமாக முடித்துவிடும்.

"அதான் ரப்பர் மேட் போட்டிருக்கோமே" என்பார்கள். மேட் உராய்வைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் அதன் அடியில் புகுந்த தண்ணீர் வெளியே வராது. காற்று குறைவாகப் படும் நடுப்பகுதிதான் முதலில் அரிக்கும். மேலே பார்த்தால் பளபள, கீழே பார்த்தால் சல்லடை! எங்கள் வண்டியிலும் மூன்றாம் வருஷமே ஓட்டை விழுந்தது. வெல்டிங் வைக்க இரண்டு நாள் வண்டி நின்றது. ஓடாத நாளுக்கு வருமானம் இல்லை, தவணைக்கு மட்டும் லீவு கிடையாது.

எஃப்.சி. சமயத்தில் நடக்கும் கூத்து தனி. துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பெயிண்ட் அடிக்கிறார்கள். புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது மாதிரி! இது பாதுகாப்பு ஆகாது. துருவை மறைக்கும் வேலை, அவ்வளவுதான்.

"லோடு வண்டின்னா துருப்பிடிக்கத்தான்டா செய்யும்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை:

1. வேலை முடிந்ததும் மேட்டைத் தூக்கி நிறுத்துங்கள். தளத்தைக் கூட்டித் துடைத்து இரவு முழுக்க உலர விடுங்கள். தண்ணீர் வடியும் துளைகளில் மண் அடைக்காமல் பாருங்கள்.

2. துரு தெரிந்தால் கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர், காய்ந்ததும் இரண்டு கோட் பெயிண்ட். தளத்தின் அடிப்பக்கச் சேற்றையும் கழுவுங்கள். ஈரச் சேறு அங்கேயும் அரிக்கும்.

3. பிளைவுட் போடுவதாக இருந்தால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட் வாங்குங்கள். அறுத்த ஓரங்களுக்கும் போல்ட் துளைகளுக்கும் பெயிண்ட் அடிக்காவிட்டால் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறும்.

4. இரும்புத் தளத்தின் மேல் அலுமினிய செக்கர் ஷீட்டை நேராகப் பதிக்காதீர்கள். ஈரம் புகுந்தால் இரண்டு உலோகமும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்யும், அலுமினியம் அரிக்கும். நடுவே பெயிண்டோ ரப்பரோ இருக்க வேண்டும்.

இதெல்லாம் நம் பாடப் புத்தகத்தில் உள்ள விஷயங்களே. அரிமானத்தை ஆராய நம் தமிழ்நாட்டிலேயே, காரைக்குடியில், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கி வருகிறது. அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தவர் வள்ளல் அழகப்பர். அறிவுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அந்த அறிவு குட்டி யானை வரைக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம். பக்கத்து ஆலையில் கார் பாடியை முழுசாகத் தொட்டியில் முக்கி எடுத்து, மின்சாரத்தால் பிரைமர் ஏற்றுகிறார்கள். அதே ரோட்டில் ஓடும் ஏழையின் வண்டித் தளத்துக்கு ஒரு பிரஷ் பிடிக்க ஆள் இல்லையா?

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் ஒர்க் ஷாப்பில் தளப் பராமரிப்பு முகாம் நடத்துவோம். பெயிண்ட் செலவை வண்டிக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். உழைப்பை நாம் கொடுப்போம். சுரண்டுவதற்கு முதலாம் ஆண்டு, வெல்டிங்குக்கு மூன்றாம் ஆண்டு. பிராக்டிகல் நோட்டில் எழுதுவதைவிட அதிகம் கற்றுக்கொள்வோம்.

டிப்ளமோ முடித்து ஆலைக்குள் போகத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறோம். போவோம்! ஆனால் நம்மைப் படிக்க வைத்த வண்டிகள் ஆலைக்கு வெளியேதான் நிற்கின்றன. முதல் வேலையை அங்கே தொடங்குவோமா, தோழர்களே?