ஆளில்லாத இடமா?

"ஆளே இல்லாத பனிவெளிக்கு எதுக்குப் பெர்மிட்?" எண்டுதான் நாங்களும் முதலில் கேட்டோம். 1974இல் உருவான வடகிழக்குக் கிறீன்லாந்துத் தேசியப் பூங்கா உலகிலேயே பெரியது. ஏறத்தாழ 972,000 சதுர கிலோமீட்டர். பயணக்குழுக்கள் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேணும், தேடுதல் மீட்புச் செலவுக்குக் காப்புறுதியும் காட்ட வேணும். இது நியாயம்தான். அங்கே ஒருவர் மாட்டுப்பட்டால் தேடிப் போறவரின் உயிருக்கும் ஆபத்து.

ஆனால் பக்கத்து இத்தொக்கொர்தூர்மீத் ஊரின் வேட்டைக்காரர்கள் வழமைபோல உள்ளே போகலாம். அவர்களுக்கும் கட்டுப்பாடு இல்லாமலில்லை. 2006 முதல் பனிக்கரடி வேட்டைக்குக் கோட்டா உண்டு. எங்களுக்குப் பிடித்தது இந்த ஒழுங்குதான். இயற்கையைக் காக்கிறம் எண்டு சொல்லி ஊர்ச்சனத்தைத் துரத்தத் தேவையில்லை. சாகசத்துக்கு வாறவர் அனுமதி கேட்கட்டும். "ஆளில்லாத இடம்" எண்டு நாங்கள் நினைச்சதுதான் பிழை.