குடியும் ஊரும்



நமக்கு வேண்டிய ஓர் இல்லத்திலே, பள்ளி விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக் கொண்டிருந்த சிறுமி, ‘சொந்த ஊர்’ என்ற இடத்தில் ‘ஸ்ரீ விஜயபுரம்’ என்று எழுதினாள். 2024 வரை போர்ட் பிளேயர் எனப்பட்ட நம் நகரந்தான் அது. பாட்டனார் அதைக் கண்டு, “அது நாம் இருக்கும் ஊர் அம்மா, நம் ஊர் இராமநாதபுரம் அன்றோ?” என்றார். “நான் அங்கே இருந்ததே இல்லையே, தாத்தா” என்றாள் அவள். பாட்டனாருக்கு மறுமொழி தோன்றவில்லை.

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இத்தீவுகளில் 100-க்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். ஆகவே இது ஓர் இல்லத்து வினா மட்டும் அன்று.

இங்கு வாழ்வோருக்கு வழங்கும் பெயர்கள் பல. 1858-இல் ஏற்பட்ட கைதிகள் குடியேற்றத்தில், தண்டனைக்குப் பின் இங்கேயே நிலைத்தோரின் வழிவந்தவர் ‘லோக்கல் பார்ன்’. 1942-இல் ஜப்பானியர் இத்தீவுகளைக் கைப்பற்று முன்பே இங்கிருந்த குடும்பத்தினர் ‘பிரீ-42’. 1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிகள் போன்று, அரசு நிலம் அளித்துக் குடியமர்த்தியோர் ‘செட்லர்’. நிலம் ஒதுக்கப்பெறாமல் அரசு நிலத்தில் வீடு கட்டியவரோ ‘ஆக்கிரமிப்பாளர்’.

இத்தகைய பாகுபாடு தமிழருக்குப் புதிதன்று. தொண்டை நாட்டு மிராசு ஊர்களிலே, ஊரிலேயே தங்கி வழிவழியாக உழுதவரை ‘உள்குடி’ என்றும், வேற்றூரிலிருந்து வந்து உழுதவரைப் ‘புறக்குடி’ என்றும் வழங்கினர். முன்னவருக்கிருந்த உரிமை பின்னவருக்கு இல்லை. உரிமையை வரையறுக்க ஏட்டிலே இத்தகைய சொற்கள் வேண்டியிருக்கலாம். ஆயினும் ‘குடி’ என்னும் சொல் இரண்டிலும் நிற்பதை நோக்குக. வீட்டுக்குரியவன் செய்வதும் குடித்தனம். வாடகைக்கு இருப்பவன் செய்வதும் குடித்தனம். அவன் கொடுக்கும் வாடகைக்கே ‘குடிக்கூலி’ என்பது பெயர். ‘வந்தேறு குடி’ என்பதும் புதிதாய் வந்த குடி என்றே பொருள்படும். குடியை நீக்கி ‘வந்தேறி’ என்று சுடுசொல்லாக வீசும்போதுதான் அது மனத்தைப் புண்படுத்துகிறது.

பெயர்கள் மாறி மாறி ஒட்டப்பெற்றதற்குக் கச்சால் தீவுத் தமிழரைக் காட்டிலும் வேறு சான்று வேண்டா. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இவர்தம் முன்னோர், 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் ‘நாடற்றவர்’ ஆயினர். 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை ஏற்பட்டபின், இந்தியா வந்தோர் ‘தாயகம் திரும்பியோர்’ எனப்பட்டனர். அவருட் பலர் இலங்கையிலேயே பிறந்தவர். தாம் ஒருநாளும் காணாத நாட்டுக்குத் ‘திரும்பினர்’! அவர்களிற் சில குடும்பங்கள் கச்சாலின் இரப்பர்த் தோட்டத்தில் அமர்த்தப்பெற்றன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, அத்தீவின் நிக்கோபாரியரும் தமிழரும் ஒருங்கே மாண்டனர்.

பிறர்க்குப் பெயரிடுவதில் நாமும் குற்றமற்றவர் அல்லேம். இத்தீவுகளின் முதற்குடியினருள் ஒரு சாராரை ‘ஜாரவா’ என்கிறோம். அது அண்டை இனத்தார் மொழியில் ‘அயலார்’ எனப் பொருள்படும் சொல். அவர்கள் தம்மை ‘ஆங்’ என்றே சொல்லிக்கொள்வர். அவர்களையும் அவர்கள் காட்டையும் காக்க 1956-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்யப்பட்டது. அவர்கள் முன்னிலையில் ‘பிரீ-42’ குடும்பமும் நேற்றுக் கப்பலிறங்கிய குடும்பமும் வந்தேறு குடிகளே.

ஆதலின் நம் இல்லத்தாரை இரண்டு வேண்டிக்கொள்கிறோம். ஏட்டுப் பெயர் ஏட்டோடு நிற்கட்டும். அண்டை வீட்டாரை அதனால் அழைத்தல் வேண்டா. முன்னோர் ஊரின் பெயரையும், அங்கிருந்து வந்த கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் பிறந்து வளர்ந்த ஊரைத் தம் ஊர் என்னும்போது திருத்தாதீர்கள்.

அச்சிறுமியின் விண்ணப்பம் அவள் எழுதியவாறே பள்ளிக்குச் சென்றது. கையொப்பமிட்டவர் பாட்டனார்.