பெட்டிக்குள் இருக்கும் முன்னோர்

குலப்பெருமை பேசுகிறவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை உண்டு. இப்போது அவர்கள் கையில் புதிய ஆயுதம் ஒன்று கிடைத்திருக்கிறது: பழைய ஓலை! பத்துத் தலைமுறைப் பெயர்களை வரிசையாக எழுதி, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டு, "எங்களுக்கு ஆதாரம் இருக்கிறது" என்கிறார்கள்.

இருக்கட்டும். பெற்றோர் இருவர், அவர்களைப் பெற்றவர் நால்வர் என்று இரட்டித்துக்கொண்டே போனால், பத்தாம் தலைமுறையில் 1,024 பேர் நிற்கவேண்டும். சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்ததில் பலர் இரண்டு மூன்று தடவை வரலாம், கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும் நூற்றுக்கணக்கில் தேறும். கண்ணாடிக்குள் இருப்பவரோ ஒரே ஒருவர்!

நாஞ்சில் நாட்டில் இந்தக் கூத்து இன்னும் வேடிக்கையானது. 1926-ல் சட்டம் வந்து மாற்றும்வரை இங்குள்ள வேளாளரிடையே மருமக்கள் வழி நடந்தது. சொத்து மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போயிற்று. பெற்ற பிள்ளைக்கு உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம். கவிமணி இந்த முறையைப் படுத்திய பாட்டை 'மருமக்கள் வழி மான்மியம்' படித்தவர்கள் அறிவார்கள். ஆக, ஓலையில் ஒரு காரணவருக்குப் பின் வருகிறவர் அவருடைய மகன் அல்லர், மருமகன். அது தெரியாமல் அப்பன், பாட்டன், பூட்டன் என்று அடுக்குகிறவர் வேறு யாருடைய பாட்டனையோ கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

இதையாவது சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்ததைச் சிரித்துக் கடக்க முடியாது.

அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேடிப் படித்தார். பிற்காலத்தில் அ. கா. பெருமாள் அவற்றை நூலாகக் கொண்டுவந்தார். நிலம், வரி என்று பேசும் அந்த ஓலைகளுக்கு நடுவே, மனிதரை விற்றதும் வாங்கியதுமான அடிமை ஓலைகளும் இருக்கின்றன. திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து அறிவித்தது 1855-ல்தான்.

விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளைப் பற்றி ஒரு பெரியவர் என்னிடம், "அவங்களுக்கு ஏதுவே ஏடும் எழுத்தும்?" என்று கேட்டார். "இருக்கு அண்ணாச்சி. உங்க பெட்டிக்குள்ளதான் இருக்கு" என்றேன். அதன்பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் வந்திறங்கியவர்களின் சந்ததியார் அதற்கென்றே சங்கம் வைத்திருக்கிறார்கள். அடிமைகளாயிருந்த கறுப்பர்களுக்கோ 1850, 1860 குடிக்கணக்குகளில் பெரும்பாலும் பெயர்கூடக் கிடையாது. எசமான் பெயருக்குக் கீழே வயது, நிறம், ஆணா பெண்ணா என்பது மட்டும். விடுதலைக்குப் பிறகு 1870 கணக்கில்தான் அவர்களுக்குப் பெயர் ஏறியது. அதற்கு முந்திய பாட்டனைத் தேடுகிற பேரன், எசமான் வீட்டு உயிலையும் விலைச்சீட்டையும் புரட்டியாக வேண்டும். எசமான் வீட்டார் பெட்டியைப் பூட்டிக்கொண்டால் அவனுடைய பாட்டனும் உள்ளேயே கிடக்கவேண்டியதுதான்.

ஆகையால் ஓலைப்பெட்டி வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு ஒன்று சொல்வேன். பெருமைக்கு உதவும் ஏட்டை மட்டும் உருவிக்கொண்டு, மற்றதைச் செல்லரிக்க விடாதீர்கள். நிலம் வாங்கிய ஓலை உண்மையானால் ஆள் வாங்கிய ஓலையும் உண்மைதான். பெட்டியோடு ஆவணக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள். மனம் வராவிட்டால் படியெடுக்கவாவது விடுங்கள். அந்த ஓலையில் இருப்பவர் உங்களுக்கு வெறும் விலை. வெளியே நிற்கிற ஒருவனுக்கு அவர் பாட்டன்.