பேசாத பிள்ளைக்கும் வயிறு வலிக்கும்

எங்கள் வாடிப்பட்டியில், அடுத்த தெருவில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன். ஆட்டிசம், பேச்சு வரவில்லை. ஆடி முடிந்ததிலிருந்து சோற்றைத் தள்ளினான், ராத்திரி தூங்காமல் சுவரில் தலையை முட்டினான். மாமியார் மந்திரிக்கச் சொன்னார்கள். ஒரு டாக்டரோ, "இந்த மாதிரிப் பிள்ளைங்க இப்படித்தாம்மா" என்று தூக்க மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

"வெளிக்குப் போயி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன். தாய்க்காரி விழித்தாள். "தண்ணியாத்தான் போறான்க்கா, கொஞ்சங் கொஞ்சமா."

தண்ணியாகப் போனால் மலச்சிக்கல் இல்லை என்றுதானே நினைக்கிறோம்? இறுகிக் கட்டியான மலத்தைச் சுற்றிக்கொண்டு நீர் மட்டும் கசியும். அது வயிற்றுப்போக்கு அல்ல. மதுரையில் குழந்தை டாக்டர் வயிற்றை அமுக்கியதுமே கட்டி கையில் தட்டுப்பட்டது. அவன் சாப்பிடுவது வெள்ளைச் சோறும் பிஸ்கட்டும்தான். காய் என்றால் துப்புவான். வேறென்ன ஆகும்! இளக்குகிற மருந்தை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டுமாம். இரண்டு நாள் நன்றாகப் போனதென்று நிறுத்தினால் மறுபடி கட்டிக்கொள்ளும். (நம் வீட்டு விளக்கெண்ணெய் வைத்தியம் இதற்கு வேண்டவே வேண்டாம்.) மூன்றாம் வாரம் சுவரில் முட்டுவது நின்றது.

ஆட்டிசம் ஒரே ராத்திரியில் முற்றிவிடாது, சகோதரிகளே. நடத்தை திடீரென்று மாறினால் பல், காது, வயிறு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டவுன் சின்ட்ரோம் குழந்தை சோம்பிக் கிடந்தால் "மந்தம்" என்று விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குத் தைராய்டு குறைவது அதிகம். வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை அவசியம். மூளை முடக்குவாதக் குழந்தைகளில் பத்துக்கு மூன்று நான்கு பேருக்கு வலிப்பும் உண்டு. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து மணியைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

செலவு? தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு இந்தப் பிள்ளைகளுக்கு வருஷம் 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சேரலாம், வயது வரம்பில்லை. ஊனச் சான்றிதழ் வேண்டும். மதுரையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அந்தப் பெண் இப்போது தினசரி காலண்டர் தாளைக் கிழித்து எறிவதில்லை. வெளிக்குப் போனது, தூக்கம், காய்ச்சல் எல்லாம் பின்புறத்தில் பென்சிலால் குறித்து, நூலில் கோத்து வைத்திருக்கிறாள். டாக்டர் முதலில் கேட்பதே அந்தக் கட்டைத்தான்.