நூறாண்டு நிறையாத கல்லறைகள்

விசாகப்பட்டினத்துக்கு அப்பால் கடலடியில் இரண்டு நீர்மூழ்கிகள் கிடக்கின்றன. ஒன்று ஜப்பானின் ஆர்.ஓ.-110. அதனை 1944 பிப்ரவரி 11 அன்று 'ஜம்னா' என்னும் இந்தியப் போர்க்கப்பலும் இரு ஆஸ்திரேலியக் கப்பல்களும் சேர்ந்து மூழ்கடித்தன. மற்றொன்று 1971 டிசம்பரில் மூழ்கிய பாகிஸ்தானின் காஜி. இரண்டிலும் ஒருவர்கூட உயிர் பிழைக்கவில்லை. "பகைவர் கலம்தானே, முக்குளிப்போர் இறங்கிப் பார்த்தால் என்ன? ஆய்வுக்கும் உதவுமே" என்று ஆய்வுலகத்தினரே எழுதுவதைக் காண்கிறேன். அதை மறுக்கவே இப்பதிவு.

'பகைவர்' என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். நான் வசிக்கும் லக்ஷ்மிபாய் நகருக்கு அருகிலுள்ள மெட்ரோ நிலையத்தின் பெயர் ஐ.என்.ஏ. அந்தப் படைக்குத் தலைமையேற்கச் சென்ற நேதாஜியை 1943 ஏப்ரலில், மடகாஸ்கரை ஒட்டிய கடலில், ஜெர்மானிய யு-180இலிருந்து ஏற்றிச் சென்றது ஐ-29. ஆர்.ஓ.-110ஐ அனுப்பிய அதே ஜப்பானியக் கடற்படையின் கலம் அது. ஒன்றைப் போற்றி மற்றதைப் பகை என்று ஒதுக்குவது வரலாற்றறிவு ஆகாது.

சட்டத்தின் நிலை இன்னும் விந்தையானது. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டமும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் 100 ஆண்டு நிறைவை எதிர்பார்க்கின்றன. நாம் இன்னும் இணையாத 2001ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையும் நீரடியில் 100 ஆண்டு கிடந்திருக்கவேண்டும் என்கிறது. ஆர்.ஓ.-110 2044 வரையிலும் காஜி 2071 வரையிலும் காத்திருக்கவேண்டும். பழைய இரும்புக்காரர்கள் அவ்வாறு காத்திருப்பதில்லை. 1942இல் ஜாவாக் கடலில் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்கள் டி ராய்ட்டரையும் ஜாவாவையும் 2002இல் முக்குளிப்போர் கண்டுபிடித்தனர். 2016இல் மீண்டும் சென்று பார்த்தபோது கடற்படுகையில் அவை கிடந்த தடம் மட்டுமே எஞ்சியிருந்தது. அமெரிக்க நீர்மூழ்கி பெர்ச்சையும் காணவில்லை. 100 ஆண்டுக்கு அப்போது இன்னும் கால் நூற்றாண்டு பாக்கி!

காஜியை இறந்தோர்மீது கொண்ட மதிப்பால் தொடவில்லை என்று நம் கடற்படைத் தரப்பில் 2024இல் கூறப்பட்டது. நல்ல பண்பு. ஆனால் பண்பு கள்வனைத் தடுக்காது.

ஆய்வு வேண்டாம் என்பதன்று என் வாதம். காஜி உள்வெடிப்பால் மூழ்கியதா, 'ராஜ்புத்' வீசிய வெடிகளாலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதற்குக் கருவியை இறக்கி வெளிப்புறத்தைப் படமெடுக்கலாம். மனிதர் உள்ளே நுழையவோ ஒரு திருகாணியைக்கூட எடுத்துவரவோ தேவையில்லை. பிரிட்டன் 1986இலேயே படைத்துறை எச்சங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அது 100 ஆண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. அத்தகைய சட்டத்தைக் கேட்காமல், இறங்குவதற்கு அனுமதி மட்டும் கேட்கும் ஆய்வாளரை நான் ஆய்வாளர் என்று அழைக்கத் தயங்குகிறேன்.