சந்தனப் பொட்டும் 1,500 ரூபாய் பட்ஜெட்டும்

முகூர்த்த நாளில் திருத்தணி மலைக்குப் போனால், சாமிக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது புது வண்டிகள்தான். தமிழ்நாட்டு நம்பர் ஒன்று, ஆந்திரா நம்பர் ஒன்று என்று மாறி மாறி நிற்கும். பானெட்டில் சாமந்தி மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஷோரூமிலிருந்து நேராக வந்தவை மட்டுமல்ல, கடன் வாங்கி செகண்ட் ஹேண்டில் எடுத்த வண்டிகளும் முதல் சவாரிக்கு முன்னால் இங்கே வந்து நிற்கும்.

அப்படி ஒரு வண்டி எடுத்த திருத்தணி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "டாக்ஸி ஓட்டறேன் சார். திருப்பதி, சென்னை ஏர்போர்ட் சவாரி. வண்டி பளிச்சுன்னு இல்லேன்னா ஆள் ஏற யோசிக்கிறாங்க. கடைக்குப் போனா, 'அண்ணே, இதைப் போடுங்க, அதைப் போடுங்க'ன்னு ஏழெட்டு பாட்டில் எடுத்து வைக்கிறாங்க. என்கிட்ட இருக்கிறது 1,500 ரூபாய். எதை வாங்கறது?"

டாக்ஸி ஓட்டாதவர்களுக்கும் இதே கேள்விதான். மாதத் தவணை போக மிச்சம் இருப்பதில் வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலைந்து வருஷம் கழித்து விற்கப் போகும்போது, வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது பெயின்ட்டைத்தான்.

நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். பளபளப்பு தரும் பாட்டிலுக்குக் கடைசி இடம். வண்டியின் மேல் எந்தத் துணி படுகிறது, எந்தத் தண்ணீர் படுகிறது என்பதற்குத்தான் முதல் காசு.

காரணம் இருக்கிறது. காரின் நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம் பூசியிருப்பார்கள். கிளியர் கோட் என்று பெயர். அதன் கனம் பெரும்பாலான வண்டிகளில் 40 முதல் 50 மைக்ரான். நோட்டுப் புத்தகத் தாளின் கனத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில், மழை, தூசி எல்லாவற்றையும் தாங்குவது இந்தப் பாதித் தாள்தான். வெயிலில் வண்டியை நிறுத்திச் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியுமே, அவை இதில் விழுந்தவை. அவற்றில் முக்கால்வாசி ரோட்டில் விழுந்தவை அல்ல. காலையில் வண்டி எடுப்பதற்கு முன், தோளில் கிடக்கும் துண்டால் 'சும்மா ஒரு தட்டு' தட்டுகிறோமே, அதில் விழுந்தவை. ராத்திரி முழுக்கப் படிந்த தூசியில் மணல் இருக்கும். உலர்ந்த துணியால் இழுத்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும்.

சந்தனமும் அப்படித்தான். தணிகையில் சந்தனத்துக்குத் தனி விசேஷம் உண்டு. இந்திரன் கொடுத்த கல்லில் அரைத்தது என்பார்கள். நெற்றிக்கு அது குளிர்ச்சி. பானெட்டில் காய்ந்துபோனால் அதுவும் ஒரு தூள்தான். கூடவே விபூதி வேறு. மறுநாள் நகத்தால் சுரண்டுவதும் காய்ந்த துணியால் தேய்ப்பதும் வேண்டாம். ஈரத்துணியை அதன் மேல் ஐந்து பத்து நிமிஷம் போட்டு வையுங்கள். ஊறியதும் தண்ணீர் ஊற்றினால் தானாக வழிந்துவிடும். மாலையை அன்று சாயங்காலமே எடுத்துவிடுவது நல்லது. வாடிய பூ ஈரத்தோடு சூடான பானெட்டில் கிடந்தால் கறை பிடிக்கும். குங்குமத்தைக் கண்ணாடியில் வையுங்கள். வெளிர் நிற பிளாஸ்டிக்கில் வைத்தால் இப்போதைய சாயக் குங்குமம் லேசில் போகாது.

இப்போது கடைக்குப் போவோம். என் கணக்கில் முதலில் வாங்க வேண்டியது மைக்ரோஃபைபர் துணி. நான்கு துணி, அதோடு கையில் மாட்டிக்கொண்டு கழுவும் உறை ஒன்று. இதற்கு 500 ரூபாய் ஒதுக்கலாம்.

"எங்க ஊர்ல துணிக்கா பஞ்சம்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கமெல்லாம் தறிச் சத்தம் கேட்கிற ஊர்கள். பழைய வேட்டியும் பனியன் வேஸ்ட்டும் எல்லார் டிக்கியிலும் கிடக்கும். அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். டயர், கதவின் உள்விளிம்பு, என்ஜின் பக்கம் துடைக்க அவை போதும். ஆனால் நெசவுத்துணி தட்டையானது. மண் துகள் உள்ளே போக இடமில்லாமல், துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவிலேயே உருளும். மைக்ரோஃபைபரில் பூனை முடி மாதிரி இழைகள் நிற்கும். துகள் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். வாங்கும்போது கையில் பிடித்துப் பாருங்கள். தடிமனாக, முடி அடர்த்தியாக இருக்கட்டும். ஓரத்தில் முரட்டுத் தையலும் லேபிளும் இருந்தால் அதுவே கீறும். லேபிளை வெட்டி எறிந்துவிடுங்கள்.

அடுத்தது ஷாம்பு. 300 ரூபாய்க்கு மேல் போக வேண்டாம். அட்டையில் 'பிஹெச் நியூட்ரல்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாட்டில் விலையை மட்டும் பார்க்காதீர்கள், ஒரு கழுவலுக்கு எத்தனை மில்லி என்பதையும் படியுங்கள். 500 மில்லி பாட்டிலில் ஒரு வாளிக்கு 25 மில்லி போதுமென்றால் 20 கழுவல். அதே விலையில் 50 மில்லி ஊற்றச் சொல்கிற பாட்டில் பத்துக் கழுவலில் காலி. இப்போது பாட்டிலிலேயே ஒரு மில்லி என்ன விலை என்றும் அச்சிடுகிறார்கள். எழுத்துதான் எறும்பு சைஸ்.

துணி சோப்புத்தூள் போட்டால் என்ன ஆகும்? ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. ஆனால் அதில் காரம் அதிகம். மேலே பூசிய வாக்ஸை உரித்துவிடும், கறுப்பு பிளாஸ்டிக்கை வெளுக்க வைக்கும். கேனில் லேபிள் இல்லாமல் விற்கும் 'லூஸ்' திரவம் இன்னும் மோசம். உள்ளே காரமா, ஆசிட்டா என்று விற்பவருக்கே தெரியாது. அலாய் வீலில் ஊற்றிய பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை.

கழுவும் முறைக்குக் காசு கிடையாது. வீட்டில் இரண்டு வாளி இருக்கும். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். முதலில் வண்டி முழுக்கத் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குங்கள். பிறகு உறையை ஷாம்பில் நனைத்துக் கூரையிலிருந்து கீழே வாருங்கள். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் உறையை வெறும் தண்ணீரில் அலசி, அதன்பிறகே ஷாம்பு வாளிக்குள் விடுங்கள். இரண்டாவது வாளியின் அடியில் சேரும் மண்ணைப் பார்த்தால், ஒரே வாளியில் கழுவிய நாட்களில் அதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று புரியும். டயரை எப்போதும் கடைசியில், வேறு துணியால்.

நேரமும் முக்கியம். கோடையில் தமிழகத்தின் வெயில் பட்டியலில் திருத்தணி பெயர் தவறாமல் வரும். 40 டிகிரிக்கு மேல் போவது இங்கே செய்தியே இல்லை. சூடான தகரத்தில் தண்ணீர் ஊற்றினால் துடைப்பதற்குள் காய்ந்து, வட்ட வட்டமாக வெள்ளைத் தடம் விழும். சூரியன் ஏறுவதற்குள் அல்லது சாயங்காலம் வண்டி ஆறிய பிறகு கழுவுங்கள்.

அந்த வெள்ளைத் தடத்துக்கு வெயில் பாதிக் காரணம், போர் தண்ணீர் மீதிக் காரணம். வீட்டு ஹீட்டர் காயிலில் படியும் அதே கால்சியமும் மெக்னீசியமும்தான் பானெட்டிலும் படிகின்றன. சில வீடுகளில் சிக்கனமாக இருப்பதாக நினைத்து, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரில் கார் கழுவுகிறார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம். டயருக்கும் மிதியடிக்கும் சரி, பெயின்ட்டுக்கு வேண்டாம். அதற்குப் பதிலாக, ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வையுங்கள். காற்றிலிருந்து குளிர்ந்து வந்த தண்ணீர் அது, உப்பு ஏறக்குறைய இல்லை. துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு ஊற்றினால் தடம் விழாது. மழைத் தண்ணீருக்கும் இதே மரியாதை உண்டு.

மூன்றாவது செலவைப் பலர் அழகுப் பொருள் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. வைப்பர் பிளேடு. என் 1,500-ல் அதற்கும் ஓர் இடம் உண்டு. நம் வெயிலில் ரப்பர் ஒரு வருஷத்தில் வெடித்துவிடுகிறது. திருப்பதி ரோட்டில் ராத்திரி மழையில், எதிரே வரும் லாரி வெளிச்சத்தில், கண்ணாடி முழுக்கக் கோடுகோடாகத் தெரிந்தால் பானெட் எவ்வளவு மின்னி என்ன பயன்? பின்சீட்டில் நான்கு பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கண்ணாடியின் உள்பக்கத்தையும் மறக்காதீர்கள். வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி அங்கே எண்ணெய்ப் படலமாக ஒட்டுகிறது. வெள்ளை வினிகர் கொஞ்சம் கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு துடை, பிறகு உலர்ந்த மைக்ரோஃபைபரால் ஒரு துடை, அவ்வளவுதான்.

இதோடு சேர்த்து, டேஷ்போர்டு பாலிஷை வாங்காதீர்கள் என்றும் சொல்கிறேன். எண்ணெய்ப் பசையோடு மினுமினுக்கும் ரகம், பகலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண் கூசும். தூசியையும் இழுக்கும். அது ஸ்டியரிங்கிலோ பிரேக் பெடலிலோ பட்டால் வழுக்கும். ஈரத்துணி போதும். டயர் பாலிஷும் வெறும் ஷோக்குதான். ஆசைப்பட்டால் பக்கச்சுவரில் மட்டும் தடவுங்கள், ரோட்டில் படும் பாகத்தில் கூடவே கூடாது. பைக் டயருக்கு அந்த ஆசையே வேண்டாம். சர்வீஸில் "அடியில டீசல் அடிச்சுடலாமா தம்பி?" என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிப் போகும்.

ஆக மிச்சம் இருப்பதில்தான் பளபளப்பு. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பாலிஷும் வாக்ஸும் ஒன்றல்ல. பாலிஷ், ரப்பிங் காம்பவுண்ட் இரண்டும் தேய்த்து எடுக்கிற சமாச்சாரம். கோடு மறைவதற்குக் காரணம், கோட்டைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டையே கரைத்துச் சமமாக்குவது. நான் சொன்ன பாதித் தாளில் ஒரு பங்கு போயிற்று. "வருஷா வருஷம் ஒரு ரப்பிங் அடிங்க, புதுசு மாதிரி ஆயிடும்" என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். விற்கும் சமயத்தில் ஒரு தரம், கை தெரிந்தவரிடம் செய்தால் போதும். வாக்ஸ் இதற்கு நேர்மாறு. எதையும் எடுக்காது, மேலே ஒரு போர்வை போர்த்தும். டப்பாவில் 'கார்னாபா' என்று போட்டிருப்பது பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையில் கிடைக்கும் மெழுகு. நம் வெயிலில் அது சில வாரங்களிலேயே போய்விடும். ஸ்ப்ரேயாக வரும் செயற்கை சீலன்ட் அதைவிட நாள் தாங்கும், பூசுவதும் சுலபம். வாரா வாரம் பூச நேரமில்லாத டாக்ஸிக்காரருக்கு நான் சொல்வது ஸ்ப்ரேதான். சின்ன பாட்டில் போதும்.

ஷோரூமில் புது வண்டி எடுக்கும்போதே செராமிக், டெஃப்லான் என்று ஆயிரக்கணக்கில் ஒரு பில் நீட்டுவார்கள். செராமிக் கோட்டிங் மோசமான பொருள் அல்ல. தண்ணீர் நிற்காது, கழுவ லேசு. ஆனால் லாரி டயர் எறியும் கல்லை அது தடுக்காது. துண்டால் தட்டுகிற பழக்கத்துக்கும் அதில் மருந்தில்லை. எத்தனை வருஷம், எதற்கெல்லாம் வாரன்டி இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மஞ்சளாகிப் போன ஹெட்லைட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் தெளிவது உண்மை. அந்த பிளாஸ்டிக்கின் மேலிருந்த வெயில் தடுப்புப் பூச்சையும் சேர்த்துத் தேய்ப்பதால், சில மாதங்களில் முன்னைவிட வேகமாக மஞ்சளாகும் என்பதும் உண்மை. தேய்த்த பிறகு மேலே பூசுவதற்கு சீலன்ட்டும் சேர்ந்து வரும் கிட் கிடைக்கிறது. இந்த மாத 1,500-ல் அது அடங்காது. அடுத்த மாதம் டேஷ்போர்டு பாலிஷுக்குப் போகவிருந்த காசை இதற்குத் திருப்புங்கள்.

வாங்கிய துணிகளை வீட்டில் மற்றத் துணிகளோடு மெஷினில் போட்டுவிடாதீர்கள். பருத்திப் பஞ்சு அதில் ஒட்டிக்கொள்ளும். துணியை மிருதுவாக்கும் திரவத்தில் முக்கினால் இழைகளின் மேல் பசை படிந்து தண்ணீரை உறிஞ்சாது. சோப்பு கொஞ்சம் போட்டு, தனி வாளியில் அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். கழுவும்போது துணி கீழே விழுந்துவிட்டால், உதறிவிட்டு மறுபடி பானெட்டில் வைக்காமல் அன்றைக்கு டயர் பக்கம் மாற்றிவிடுங்கள். அதற்காகத்தான் ஒன்றுக்கு நான்காக வாங்கச் சொன்னேன்.